ஸ்கைரிம் ஸ்கிரீன்ஷாட்டுக்கு மாட் தேர்வு: வானிலைல ஆரம்பிங்க, ஈஎன்பி அப்புறம் பாத்துக்கலாம்

ஸ்கைரிம்ங்கற கேம்ல ஸ்கிரீன்ஷாட் எடுக்க ஆரம்பிக்கிறவங்க எல்லாரும் முதல்ல கேக்கறது எந்த ஈஎன்பி ப்ரீசெட் (கேமோட வெளிச்சம், கலரை மாத்துற ஈஎன்பிங்கற மென்பொருளுக்கான அமைப்புத் தொகுப்பு) போடலாம்னுதான். என் அனுபவத்துல அது மூணாவதா நாலாவதா கேக்க வேண்டிய கேள்விங்க. முதல்ல முடிவு பண்ண வேண்டியது, உங்க படத்துல வெளிச்சம் எந்தப் பக்கத்துல இருந்து விழணும், நிழல் எவ்வளவு கருப்பா இருக்கணும்ங்கறது. அதுக்கு உங்ககிட்ட ஒரு பதில் இருந்தாலே மாட் (கேமை மாத்த மத்தவங்க செஞ்சு தர்ற கூடுதல் ஃபைல்) தேர்வு பாதி முடிஞ்சுது. நான் இப்போ ஒரு கிராபிக்ஸ் மாடை வச்சுக்கறதா தூக்கறதான்னு முடிவு பண்றதே அது நிழலை என்ன பண்ணுதுன்னு பாத்துத்தான். நிழலை அழிக்கிற மாட் எவ்வளவு கலரா இருந்தாலும் படம் தட்டையாத்தான் வரும்.

நான் சொல்றது எல்லாம் ஸ்பெஷல் எடிஷனுக்கு. ஒரிஜினல் கேம் 2011 நவம்பர்ல வந்தது டைரக்ட்எக்ஸ் 9ங்கற கிராபிக்ஸ் அடித்தளத்துல, ஸ்பெஷல் எடிஷன் 2016 அக்டோபர்ல வந்தப்போ டைரக்ட்எக்ஸ் 11க்கு மாறிடுச்சு, 64 பிட் ஆயிடுச்சு, அதனால பழைய பதிப்புக்கு எழுதின ஈஎன்பி ப்ரீசெட்டை எல்லாம் இதுல போட முடியாது. நெட்ல தேடும்போது பழைய கைடு நிறைய வரும், தேதியையும் எந்த எடிஷனுக்குன்னும் பாத்துட்டு படிங்க.

சரி, வானிலை மாட். இதைத்தான் நான் முதல்ல போடுவேன், ரொம்ப நேரம் செலவு பண்றதும் இதுலதான். ஏன்னா ஸ்கைரிம்ல வெளிய வெயில் எப்படி இருக்கும்ங்கறதை முடிவு பண்றது சூரியன் இல்ல, அந்த நேரத்துல ஓடிட்டு இருக்கிற வெதர் ரெக்கார்டு, அதாவது அந்த வானிலைக்குன்னு கேம் ஃபைல்ல எழுதி வச்சிருக்கிற பதிவு. ஒவ்வொரு வெதருக்குள்ளயும் சூரிய உதயம், பகல், அஸ்தமனம், ராத்திரின்னு நாலு கட்டம், ஒவ்வொண்ணுக்கும் சூரிய வெளிச்சத்தோட கலர், வானத்தோட கலர், மேகத்தோட கலர், பனிமூட்டத்தோட கலர்னு தனித்தனியா எழுதி வச்சிருக்காங்க. அதுக்கும் மேல ஆம்பியன்ட் வெளிச்சம்னு ஒண்ணு இருக்கு, அதாவது வெயில் நேரடியா படாத இடத்துல தெரியுற வெளிச்சம், அது மேல, கீழ, நாலு பக்கம்னு ஆறு திசைக்கும் ஆறு கலரா இருக்கு. நிழலோட கலரே இதுதான்! ஆம்பியன்ட்டை அதிகமா ஏத்தி வச்ச வெதர் மாடுல நீங்க என்னதான் பண்ணாலும் முகத்துல ஒரு பக்கம் இருட்டு கிடைக்காது, மரத்தடி எல்லாம் சாம்பல் பூசின மாதிரி இருக்கும். அதை ஈஎன்பில கான்ட்ராஸ்ட் ஏத்தி சரி பண்ணப் போனா வானம் வெள்ளையா வெடிச்சுடும், அப்புறம் அதை இறக்க, இது ஏற, முடிவே இருக்காது.

நான் மாத்தி மாத்தி வச்சுப் பாத்தது கதீட்ரல் வெதர்ஸ், அப்சிடியன் வெதர்ஸ், நேட் இந்த மூணையும்தான். கதீட்ரல் மென்மையா இருக்கும், காலைல சாயங்காலத்துல வானத்துல கலர் நல்லா பரவும், இயற்கை காட்சி எடுக்க எனக்கு ரொம்பப் பிடிச்சது. அப்சிடியன்ல கொஞ்சம் நாடகத்தனம் ஜாஸ்தி, மேகம் கனமா இருக்கும், கோட்டை, டிராகன், சண்டைன்னு எடுக்கறவங்களுக்கு அது ஒத்து வரும். நேட் கலரை அடக்கி நிஜத்துக்குப் பக்கத்துல போகப் பாக்கும், அதுக்கு அதே ஆள் செஞ்ச ஈஎன்பி ப்ரீசெட்டும் இருக்கறதால ஜோடி தேடுற வேலை மிச்சம். இது என் கண்ணுக்குப் பட்டது, உங்களுக்கு வேற மாதிரி தோணலாம், அதனால யார் சொன்னாலும் கேக்காம நீங்களே ஓட்டிப் பாருங்க.

எப்படி ஓட்டிப் பாக்கறதுங்கறதுலதான் விஷயமே இருக்கு. மாடை இறக்குற வெப் பக்கத்துல அதைச் செஞ்சவர் போட்டிருக்கிற படங்களைப் பாத்து முடிவு பண்ணாதீங்க, அது எடுக்கறவரு நல்ல போட்டோ கண்ணு உள்ளவரா இருப்பாரு, நல்ல இடமா நல்ல நேரமா பாத்து எடுத்திருப்பாரு, அந்த அழகுல எவ்வளவு மாடோடது எவ்வளவு அவரோடதுன்னு பிரிக்கவே முடியாது. அதே பக்கத்துல கீழ மத்தவங்க ஏத்தின படங்கள் இருக்கும், அதைப் பாருங்க, முக்கியமா சுமாரா எடுத்த படங்களைப் பாருங்க, சும்மா நடந்து போறப்போ க்ளிக் பண்ண படம் நல்லாருந்தா அந்த மாடை நம்பி இறக்கலாம்.

இறக்கினதுக்கு அப்புறம் எனக்குன்னு கேமுக்குள்ள சில இடங்கள்ல சேவ் வச்சிருக்கேன், எல்லா மாடையும் அந்த இடங்கள்லயே வச்சுத்தான் பாப்பேன். ரிவர்வுட் தெருவுல காலைல ஏழரை மணி, அங்க மரம், ஓலைக்கூரை, ஆத்துத் தண்ணி மூணும் ஒரே சட்டத்துல வரும். ஒயிட்ரன் முன்னாடி இருக்கிற புல்வெளில உச்சி வெயில், இது கஷ்டமான பரீட்சை, நடுப்பகல்ல அழகா தெரியுற மாட் ரொம்பக் கம்மி. ரிஃப்ட் பக்கம் மஞ்சள் இலைக் காட்டுல சாயங்காலம் ஆறு மணி, ஏற்கனவே மஞ்சளா இருக்கிற இலை மேல ஆரஞ்சு வெயில் படுறப்போ எல்லாம் ஒரே குழம்பா போகுதா, இல்ல இலையும் வெயிலும் தனித்தனியா தெரியுதான்னு அங்க தெரிஞ்சுடும். அப்புறம் மார்த்தால்ல பனிமூட்டம், வின்டர்ஹோல்ட்ல பனி, ஏதாவது ஒரு பழைய நார்டிக் கல்லறைக்குள்ள ஒரு தடவை. பனி இருக்கிற இடத்தை விட்டுடாதீங்க, ஈஎன்பி போட்ட நிறைய பேருக்கு பனி வெறும் வெள்ளைத் தாளா மாறி மேடு பள்ளமே தெரியாம போறது அங்கதான்.

நேரத்தை மாத்த கன்சோல்ல (கேமுக்குள்ள கட்டளை தட்டுற பெட்டி) 'செட் கேம்ஹவர் டு 7.5'ன்னு போட்டா போதும். வெதரை மாத்த 'எஃப்டபிள்யூ'ன்னு போட்டு வெதரோட ஐடி, தெளிவான வானத்துக்கு 81ஏ. இந்த ரெண்டையும் பயன்படுத்தினாத்தான் ரெண்டு மாடை நியாயமா ஒப்பிட முடியும். ஒரு மாடை வெயில்லயும் இன்னொண்ணை மேகமூட்டத்துலயும் பாத்துட்டு இது நல்லாருக்கு அது நல்லால்லன்னு சொல்றதுல அர்த்தமில்லீங்க. 'செட் டைம்ஸ்கேல் டு 1'ன்னு போட்டுட்டா கேமுக்குள்ள நேரம் நம்ம நேர வேகத்துல ஓடும், வழக்கமா அது 20ல இருக்கும், அதாவது நீங்க ஒரு நிமிஷம் கேமராவை நகர்த்தி ஃப்ரேம் பாக்கறதுக்குள்ள அங்க இருபது நிமிஷம் போயிடும், சாயங்கால வெயில் அதுக்குள்ள மாறிடும்.

வெதர் முடிவான அப்புறம்தான் ஈஎன்பி. ஈஎன்பிங்கறது போரிஸ் வோரன்ட்சோவ்ங்கறவர் தனியா எழுதி வச்சிருக்கிற ஒரு கிராபிக்ஸ் மாற்றி, அதோட பைனரி ஃபைலை அவரோட சைட்ல இருந்துதான் எடுக்கணும், நெக்ஸஸ்ங்கற மாட் சைட்ல கிடைக்கிறது எல்லாம் அதுக்கு மத்தவங்க செஞ்ச ப்ரீசெட்தான். ப்ரீசெட்டுங்கறது கிட்டத்தட்ட ஒரு எண் தொகுப்பு, இந்த வெதர்ல இந்த நேரத்துல ப்ளூம் இவ்வளவு, வானம் இவ்வளவு, ஆம்பியன்ட் இவ்வளவுன்னு. அப்போ அந்த எண்ணெல்லாம் எந்த வெதர் மாடை வச்சு செஞ்சாங்களோ அதுக்குத்தான் பொருந்தும். இது தெரியாம போறதாலதான் முக்கால்வாசிப் பிரச்சனை. போன மாசம் ஒரு தம்பி எனக்கு ஒரு படம் அனுப்பிட்டு "அண்ணா, நீங்க சொன்ன டெக்ஸ்சர், நீங்க சொன்ன ஈஎன்பி எல்லாம் அப்படியே போட்டேன், ஆனா படம் வெளுத்துப்போன மாதிரியே இருக்கு, என் கிராபிக்ஸ் கார்டு பத்தலையா?"ன்னு கேட்டான். படத்தைப் பாத்ததும் தெரிஞ்சுது, ஒயிட்ரன் சுவர்ல வெயில் படுற இடத்துக்கும் நிழல் இடத்துக்கும் வித்தியாசமே இல்ல, தூரத்து மலை எல்லாம் பால் ஊத்தின மாதிரி. "வெதர் மாட் எதுப்பா?"ன்னேன், கதீட்ரல்னான். ப்ரீசெட் எந்த வெதருக்கு இறக்கினேன்னு கேட்டா அவனுக்கே தெரியல, ஃபைல் பேரைப் பாக்கச் சொன்னா அப்சிடியனுக்கு உண்டானது. ரூடி ஈஎன்பி மாதிரி ப்ரீசெட்டுங்க ஒவ்வொரு வெதர் மாடுக்கும் தனித்தனி பதிப்பா வரும், பேரு ஒண்ணா இருக்கேன்னு மாத்தி எடுத்துடக் கூடாது. கதீட்ரலுக்கான பதிப்பை மாத்திப் போட்டதும் அதே கார்டு, அதே டெக்ஸ்சர், சுவர்ல நிழல் வந்துடுச்சு.

ப்ரீசெட் போடறப்போ கேமோட ஐஎன்ஐ ஃபைல்ல (செட்டிங்ஸ் எழுதி வச்சிருக்கிற ஃபைல்) என்னென்ன அணைக்கணும் என்னென்ன போடணும்னு ஒவ்வொரு ப்ரீசெட்டும் ஒரு பட்டியல் கொடுக்கும், அதைத் தாண்டிப் போகாதீங்க. கேமோட சொந்த ஆம்பியன்ட் ஒக்லூஷன் (மூலை, இடுக்கை இருட்டாக்குற எஃபெக்ட்) ஒண்ணு, ஈஎன்பியோட ஆம்பியன்ட் ஒக்லூஷன் ஒண்ணு, ரெண்டும் ஒரே நேரத்துல ஓடினா மூலைமுடுக்கு எல்லாம் கரி அப்பின மாதிரி இருக்கும், ஆளைச் சுத்தி ஒரு கருப்பு விளிம்பு தெரியும். அதே மாதிரி ஸ்பெஷல் எடிஷன்ல கேமுக்குள்ளயே சூரியக் கதிர் இறங்குற வால்யூமெட்ரிக் லைட்டிங் இருக்கு, ஈஎன்பிலயும் கதிர் இருக்கு, ஏதாவது ஒண்ணை வைங்க. பார்ட்டிக்கிள் பேட்ச்னு ஒரு சின்ன மாட் இருக்கு, அதுவும் அவசியம், இல்லைன்னா புகை, பனித்துகள், அருவி நுரை எல்லாம் ராத்திரில தானா ஒளிர்ற மாதிரி தெரியும். ஈஎன்பி ஹெல்ப்பரும் போட்டுக்கோங்க, நிறைய ப்ரீசெட்டுக்கு கேமுக்குள்ள என்ன நேரம் என்ன வெதர்னு தெரிஞ்சுக்க அது வேணும்.

இதுல நான் கையால மாத்துற விஷயம் ரெண்டே ரெண்டுதான். ஒண்ணு அடாப்டேஷன். கண்ணு இருட்டுக்குப் பழகற மாதிரி, சட்டத்துல எவ்வளவு வெளிச்சம் இருக்கோ அதைப் பொறுத்து மொத்தப் படத்தோட பிரகாசத்தை அது ஏத்தி இறக்கும். விளையாடறப்போ அருமையா இருக்கும். ஸ்கிரீன்ஷாட்டுக்கு தொல்லை, ஏன்னா கேமராவைக் கொஞ்சம் தூக்கி வானத்தை அதிகமா காட்டினாலே முன்னாடி நிக்கிற ஆள் கருத்துப் போயிடுவாரு, இறக்கினா வானம் வெளுத்துடும், நீங்க ஃப்ரேம் சரி பண்ணப் பண்ண வெளிச்சம் மாறிட்டே இருக்கும். படம் எடுக்கற நேரத்துக்கு மட்டும் ஈஎன்பி எடிட்டரைத் திறந்து அதை அணைச்சுட்டு பிரகாசத்தை நானே ஒரு இடத்துல நிறுத்திடுவேன். ரெண்டாவது ப்ளூம். நிறைய ப்ரீசெட்டுல ப்ளூம் தாராளமா இருக்கும், பாத்ததும் கனவு மாதிரி ஜம்முன்னு இருக்கும், ஆனா அது வெளிச்சத்தை பக்கத்துல இருக்கிற நிழல் மேல வழிய விடுறதுதானே, நிழல் கொஞ்சம் கொஞ்சமா கரைஞ்சு போகும். பாதியா குறைச்சுப் பாருங்க, ஒரு கல்லோட விளிம்பு எப்படித் தெளிவா வருதுன்னு.

ப்ரீசெட் நிஜமாவே படத்துக்கு உதவுதான்னு பாக்க ஷிப்ட்டோட எஃப்12 அமுக்கி ஈஎன்பியை அணைச்சு அணைச்சுப் போட்டுப் பாருங்க. அணைச்சப்போ படத்துல இருந்த ஒரு விவரம் போட்டப்போ காணாம போச்சுன்னா, உதாரணத்துக்கு கதவு நிலைல இருந்த செதுக்கு வேலை கருப்புக்குள்ள முழுகிடுச்சு, மேகத்தோட உருவம் வெள்ளைக்குள்ள போயிடுச்சு, அந்த ப்ரீசெட் உங்க செட்டப்புக்கு சரி வரல.

ஈஎன்பி வேணாம்னா கம்யூனிட்டி ஷேடர்ஸ் இருக்கு. ஓப்பன் சோர்ஸ், ஸ்கைரிம் ஸ்கிரிப்ட் எக்ஸ்டெண்டர் வழியா ஓடுறது, ஈஎன்பியை விட லேசு, ஆனா ரெண்டையும் ஒண்ணா போட முடியாது, ஒண்ணுதான். சுமாரான கார்டு வச்சிருக்கவங்களுக்கு நான் இதைத்தான் சொல்றேன். ஸ்கிரீன் ஸ்பேஸ் ஷேடோஸ்னு ஒண்ணு இதுல இருக்கு, புல்லுக்கும் கூழாங்கல்லுக்கும் கூட சின்னச் சின்ன நிழல் கொடுக்கும், மழை பெஞ்சா தரை நனைஞ்ச மாதிரி மின்னும், ஸ்கைலைட்டிங்னு ஒண்ணு கூரைக்கு அடில பாலத்துக்கு அடில வானத்து வெளிச்சம் வராத இடத்தை சரியா இருட்டாக்கும். நான் மேல சொன்ன நிழல் கணக்குக்கு இது நல்லாவே ஒத்துப் போகுது. பின்புலத்தை மங்கலாக்குற டெப்த் ஆஃப் ஃபீல்டு வேணும்னா கூட ரீஷேடுங்கற படத்து மேல எஃபெக்ட் போடுற மென்பொருளைச் சேத்துக்கலாம், அதுக்கு ஃபிரான்ஸ் பௌமா எழுதின சினிமாட்டிக் டிஓஎஃப் ஷேடர் இலவசமாவே கிடைக்குது, அவர் கேம் போட்டோ எடுக்கறவங்களுக்காகவே கேமரா டூல்ஸ் செய்யற ஆளு, அதனால ஃபோகஸ் தூரம், துளை அளவு எல்லாம் நிஜ லென்ஸ் கணக்குல இருக்கும்.

இப்போ வீட்டுக்குள்ள வாங்க. உள்புற லைட்டிங்தான் எனக்குப் பிடிச்ச பகுதி. ஒரிஜினல் கேம்ல பாத்தீங்கன்னா அறைக்குள்ள எங்கயோ நடுவாந்தரத்துல ஒரு வெளிச்சம் தொங்கிட்டு இருக்கும், அதுக்கு விளக்கு ஏதுன்னு தேடினா ஒண்ணும் இருக்காது, அறை தெரியணுமேன்னு வச்ச வெளிச்சம் அது. ஒயிட்ரன்ல பேனர்டு மேர் சத்திரத்தை எடுத்துக்கோங்க. நடுவுல நீளமா நெருப்புக் குழி, சுத்தி பெஞ்சு, பின்னாடி கவுண்டர்ல ஹல்டா நிக்கிறா. மாட் எதுவும் இல்லாம உள்ள போனா நெருப்புக்குப் பக்கத்துல உக்காந்தவர் முகமும் மூலைல உக்காந்தவர் முகமும் கிட்டத்தட்ட ஒரே வெளிச்சத்துல இருக்கும். லக்ஸ் மாடைப் போட்டுட்டு அதே இடத்துக்குப் போனா, வெளிச்சம் நெருப்புல இருந்தும் மெழுகுவர்த்தில இருந்தும்தான் வருது, பெஞ்சுல உக்காந்திருக்கிறவரோட தாடிக்குக் கீழ இருந்து ஆரஞ்சு ஏறுது, கண்ணுக்கு மேல நிழல், தூணோட நிழல் சுவர்ல ஆடுது, மேல உத்தரம் இருட்டுல பாதி மறையுது. அங்க கேமராவை எங்க வச்சாலும் ஏதோ ஒரு படம் கிடைக்கும். ஈஎல்எஃப்எக்ஸ், ரீலைட்டிங் ஸ்கைரிம் எல்லாமும் இதே கொள்கைதான், வெளிச்சத்தை அது வர வேண்டிய விளக்குக்குக் கொண்டு போய் வைக்கிறது. ஈஎல்எஃப்எக்ஸ் இன்னும் இருட்டா இருக்கும், சிலருக்கு அது பிடிக்கும், எனக்கு லக்ஸோட அளவு போதும்.

இதுல ஒண்ணே ஒண்ணுதான் போடணும், ரெண்டு உள்புற லைட்டிங் மாடை ஒண்ணா போட்டா ரெண்டோட நல்லதும் கிடைக்கும்னு நினைக்காதீங்க. இந்த கேம்ல ஒரு ரெக்கார்டை ரெண்டு மாட் தொட்டுச்சுன்னா லோட் ஆர்டர்ல (மாடுங்களை கேம் ஏத்துற வரிசை) கடைசில இருக்கறதுதான் ஜெயிக்கும், மொத்த ரெக்கார்டும் அதோடதாத்தான் போகும். ஒரு அறையோட ஆம்பியன்ட் கலர் அந்த அறையோட செல் ரெக்கார்டுக்குள்ளயே (அந்த இடத்துக்கான பதிவு) இருக்கு. அதனால லைட்டிங்குக்கு சம்பந்தமே இல்லாத ஒரு மாட், சத்திரத்துல ரெண்டு நாற்காலி கூடுதலா போடுற மாட்னு வைங்களேன், அதுவும் அந்த செல் ரெக்கார்டைத் தொட்டிருந்து லக்ஸுக்குக் கீழ லோட் ஆச்சுன்னா, பழைய ஆம்பியன்ட் திரும்ப வந்து உக்காந்துக்கும், விளக்கெல்லாம் லக்ஸோடது, பின்னணி வெளிச்சம் ஒரிஜினலோடது, பாக்கவே விகாரமா இருக்கும். ஒரு சத்திரம் மட்டும் மத்த இடத்தை விட வெளிறித் தெரியுதுன்னா எஸ்எஸ்இ எடிட்ங்கற, மாட் ரெக்கார்டைத் திறந்து பாக்கற டூல்ல அந்த செல்லைத் திறந்து கடைசி கட்டத்துல எந்த மாட் பேரு இருக்குன்னு பாருங்க. லக்ஸை கீழ வைக்கணும், அதோட இன்ஸ்டாலர் கேக்கற பேட்ச் எல்லாத்தையும் உங்க மாடு பட்டியலுக்கு ஏத்த மாதிரி டிக் பண்ணணும், பொறுமையா பண்ணுங்க.

இன்னொரு விஷயம், கேமராவைத் திருப்பறப்போ தரையில ஒரு பாதி மட்டும் சட்டுனு இருட்டாகி வெளிச்சமாகி மினுக்கும். கார்டு போச்சோன்னு பயப்பட வேணாம். நிழல் போடுற விளக்கு ஒரே நேரத்துல நாலுக்கு மேல இந்த இஞ்சினால தாங்க முடியாது, சாதா விளக்குக்கும் ஒரு தரைத் துண்டு மேல எத்தனை விழலாம்னு வரம்பு இருக்கு, அதைத் தாண்டினா ஏதோ ஒண்ணை அணைச்சுடும். கம்யூனிட்டி ஷேடர்ஸ்ல இருக்கிற லைட் லிமிட் ஃபிக்ஸ் இந்த மினுக்கலை நல்லா சரி பண்ணுது. ஈஎன்பில இருந்தா கேமராவை ஒரு அடி நகர்த்தி, பிடிச்ச விளக்கு எரியுற கோணத்துல நிறுத்திக்கிட்டு எடுக்கலாம், படத்துக்கு அது போதுமே.

விளக்கே இல்லாத குகைல ஆளை எடுக்கணுமா, கேம்லயே வழி இருக்கு. மேஜ்லைட் மந்திரத்தை ஆளுக்குப் பக்கவாட்டுச் சுவர்ல அடிங்க, ஒளி உருண்டை பட்ட இடத்துல ஒட்டிக்கிட்டு 60 விநாடி இருக்கும். அதுக்குள்ள 'டிஎஃப்சி 1' போட்டா கேமும் உறைஞ்சுடும், கேமராவும் சுதந்திரமாயிடும், அப்புறம் நிதானமா கோணம் பாக்கலாம். கேண்டில்லைட் மந்திரம் இதுக்கு உதவாது, அது நம்ம தலைக்கு மேலயே மிதக்கறதால முகம் தட்டையா போயிடும். கூட வர்ற ஆள் கையில தீப்பந்தம் இருந்தா இன்னும் நல்லது, ஆரஞ்சு ஒரு பக்கம், மேஜ்லைட்டோட நீலம் ஒரு பக்கம்னு ரெண்டு கலர் முகத்துல விழும், அந்த மாதிரி ஒரு படத்தை எந்த ப்ரீசெட்டும் தானா கொடுக்காது.

டெக்ஸ்சர், அதாவது பொருள் மேல ஒட்டுற படம், அதைப் பத்தி அதிகம் சொல்லப் போறதில்ல, ஒரு கணக்கு மட்டும் தெரிஞ்சுக்கோங்க. 4கே டெக்ஸ்சர், பிசி7 முறைல சுருக்கினது, மிப்மேப்போட (தூரத்துல காட்ட வச்சிருக்கிற சின்னப் பிரதிங்க) சேத்து சுமார் 21 எம்பி விராம் (கார்டோட மெமரி) எடுக்கும், அதே 2கேவா இருந்தா 5 எம்பி கொஞ்சம் மேல. ஒரு பொருளுக்கு கலர் ஒண்ணு, மேடு பள்ளம் காட்டுற நார்மல் மேப் ஒண்ணுன்னு குறைஞ்சது ரெண்டு வரும். எல்லாத்தையும் 4கேல போட்டா விராம் நிரம்பி தடுமாற ஆரம்பிக்கும், ஸ்கிரீன்ஷாட்ல அந்த வித்தியாசம் தெரியறது கேமரா நெருங்கிப் போற இடத்துல மட்டும்தான். அதனால முகம், கவசம், ஆயுதம், தெருத் தரை இதெல்லாம் 4கே, மலை, கூரை, குப்பைக்கூளம் எல்லாம் 2கேன்னு வச்சிருக்கேன், 12 ஜிபி கார்டுல நிம்மதியா ஓடுது. டெக்ஸ்சரை விட இயற்கை காட்சிக்கு அவசியம் டைன்டிஓலாட், தூரத்து மரத்தையும் கட்டடத்தையும் ஒழுங்கா செஞ்சு கொடுக்கும், அது இல்லாம மலை உச்சில நின்னு எடுத்தா பள்ளத்தாக்கு மொட்டையா இருக்கும்.

கேமரா பக்கம் வந்தா, முகம் எடுக்கறப்போ எஃப்ஓவியை (கேமரா பாக்கற கோண அளவு) 35, 40க்குக் கொண்டு வந்துட்டு கொஞ்சம் தூரமா தள்ளி நின்னு எடுங்க. வழக்கமான எஃப்ஓவில கிட்ட போய் எடுத்தா மூக்கு முன்னாடி வந்து முகம் நீண்டு தெரியும், ஆளுங்க உடனே போய் வேற முக மாட் தேடுவாங்க, தேவையே இல்ல. மெனு, குறுக்குக்கோடு எல்லாம் மறைய 'டிஎம்', அது கன்சோலையே மறைச்சுடும், திரும்பக் கொண்டு வர கண்ணுக்குத் தெரியாமலே 'டிஎம்'னு அடிச்சு எண்டர் தட்டணும், பயப்படாம அடிங்க வரும்.

நிழலுக்கும் ஒரு ஐஎன்ஐ வேலை இருக்கு. நிழல் வரைபடம் ஒரு குறிப்பிட்ட அளவுதான், 4096ன்னு வச்சாலும் அதை ஷேடோ டிஸ்டன்ஸ் சொல்ற தூரம் முழுக்க இழுத்து விரிக்கும், தூரம் கூடக் கூட பக்கத்து நிழல் பொசபொசன்னு கட்டம் கட்டமாத் தெரியும். ஆளை மட்டும் எடுக்கற அன்னிக்கு அந்த எண்ணை 8000ல இருந்து 4000க்கு இறக்கிட்டு எடுத்துப் பாருங்க, கன்னத்துல விழற முடி நிழல் கூட கூர்மையா வரும். மலையெல்லாம் எடுக்கணும்னா திரும்ப ஏத்திக்கணும், இல்லைன்னா தூரத்து மரத்துக்கு நிழலே இருக்காது. அதோட இந்த கேம்ல சூரிய நிழல் தொடர்ச்சியா நகராது, கொஞ்ச நேரத்துக்கு ஒரு தடவை துள்ளித்தான் நகரும். வெயில் முகத்துல சரியா விழலைன்னா கேம்ஹவரை 0.1 கூட்டிக் குறைச்சுப் பாத்து எந்தத் துள்ளல்ல மூக்கு நிழல் அழகா விழுதோ அங்க நிறுத்துங்க. ஒரு நல்ல முகப் படத்துக்கு நான் அதிக நேரம் எடுத்துக்கறது இதுக்குத்தான், மாட் மாத்தறதுக்கு இல்ல.

டெப்த் ஆஃப் ஃபீல்டு போடறப்போ முடி நுனியைப் பெருசாக்கிப் பாத்துட்டு சேவ் பண்ணுங்க. முடி பாதி ஒளி ஊடுருவுற மாதிரி செஞ்சிருக்கறதால ஆழக் கணக்குல அது சரியா பதியறதில்ல, நுனி எல்லாம் பின்புலத்தோட சேந்து மங்கிடும், கத்தரிச்சு ஒட்டின மாதிரி இருக்கும். துளையைச் சின்னதா வச்சு, பின்புலத்தை இன்னும் தூரமா இருக்கிற இடமா தேர்வு பண்ணா இயல்பா மங்கும். டிஏஏ (விளிம்பை மழுக்கி மென்மையாக்குற வசதி) போட்டிருந்தா கேமராவை நிறுத்தினதும் உடனே அமுக்காதீங்க, சில ஃப்ரேம் ஓடினாத்தான் அது படத்தைத் தெளிவாக்கும்.

ரெசல்யூஷன், 1080பி மானிட்டர்தான் இருக்குன்னா என்விடியா கார்டுல டிஎஸ்ஆர் 4 மடங்கு போட்டு 3840×2160ல கேமை ஓட்டி எடுங்க, புல்லோட நுனி, கம்பி, முடி எல்லாம் எவ்வளவு சுத்தமா வருதுன்னு பாருங்க. ஏஎம்டில விஎஸ்ஆர்னு இருக்கு. ஃப்ரேம் ரேட் 15க்கு இறங்கினாலும் பரவால்ல, நாம எடுக்கறது அசையாத படம்தானே. இதனாலதான் ஸ்கிரீன்ஷாட்டுக்கு ரொம்பப் பெரிய கார்டு வேணும்னு நான் யாருக்கும் சொல்றதில்ல, வேகம் வேணாம், விராம் பத்தினா போதும். ஸ்டீம்ல எஃப்12 அமுக்கினா வழக்கமா ஜேபெக்தான் சேவ் ஆகும், ராத்திரி வானத்துல பட்டை பட்டையா கோடு விழும், செட்டிங்ஸ்ல சுருக்காத பிரதி ஒண்ணையும் சேவ் பண்ணச் சொல்லி டிக் போடுங்க. ஈஎன்பி இருந்தா பிரின்ட் ஸ்கிரீன் அமுக்கினா கேம் ஃபோல்டர்லயே பிஎம்பியா விழும், 4கேல ஒரு படம் சுமார் 25 எம்பி, ஒரு சாயங்காலத்துல ஃபோல்டர் நிரம்பிடும், அப்பப்போ பிஎன்ஜியா மாத்தி வச்சுக்கோங்க. மாத்தின படத்தை ஒரு தடவை போன்ல பாருங்க, நிறைய பேர் அதுலதான் பாக்கப் போறாங்க, மானிட்டர்ல அழகா இருந்த இருட்டு போன்ல ஒண்ணுமே தெரியாத கருப்பா இருந்தா பிரகாசத்தைக் கொஞ்சம் ஏத்திட்டுப் போடலாம்.

கடைசியா, மாடுங்களை நிர்வகிக்க மாட் ஆர்கனைசர் 2 பயன்படுத்தறவங்க ஸ்கிரீன்ஷாட்டுக்குன்னு தனி ப்ரொஃபைல் ஒண்ணு வச்சுக்கோங்க. ப்ரொஃபைலுக்கு ப்ரொஃபைல் மாட் பட்டியலும் லோட் ஆர்டரும் தனி, ஐஎன்ஐயையும் சேவையும் கூட தனியா வச்சுக்கற வசதி அதுலயே இருக்கு, அதை மறக்காம டிக் பண்ணுங்க. விளையாடற ப்ரொஃபைல்ல வேகம், இதுல கனமான புல், 4கே கவசம், சின்ன ஷேடோ டிஸ்டன்ஸ்னு பிரிச்சுடலாம். ஈஎன்பி ஃபைலுங்க மட்டும் கேமோட மெயின் ஃபோல்டர்ல போய் உக்காரும், ப்ரொஃபைல் மாத்தினா அதுவா மாறாது, அதுக்கு ரூட் பில்டர்னு ஒரு ப்ளகின் இருக்கு, அதைப் போட்டுட்டா ஒவ்வொரு ப்ரீசெட்டையும் சாதாரண மாட் மாதிரியே டிக் பண்ணி எடுத்து மாத்திப் பாக்கலாம். ரெண்டு ப்ரீசெட்டை ஒரே சேவ்ல ஒரே நேரத்துல ஒப்பிட இதை விட சுலபமான வழி எனக்குத் தெரிஞ்சு இல்லீங்க.